மாமனாரும் நியூட்ரல் கியரும்

கள்ளக்குறிச்சி நான்குமுனை சந்திப்பில், ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு என் கார் காலமானது.

புதுக் கார் என்று தப்பாக நினைத்துவிடாதீர்கள். 'செகண்ட் ஹேண்ட்'. வாங்கி மூன்றே நாள். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைத்து, பின் கண்ணாடியில் 'முருகன் துணை' ஒட்டி எல்லா முன்ஜாக்கிரதையும் எடுத்திருந்தேன். அப்படியும், சிவப்பு விளக்கைப் பார்த்து சமர்த்தாக நிறுத்தி, நியூட்ரலுக்குத் தள்ளி, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்ததும்... சத்தமே இல்லை. இன்ஜின் அவுட்!

எனக்கு வியர்த்துவிட்டது. நான் பி.காம். பேரேட்டில் பற்றும் வரவும் இடித்தால் எங்கே தேடுவது என்று தெரியும். இன்ஜின் நின்றால் எங்கே தேடுவது? கதவைத் திறந்து இறங்கினேன். (இறங்கி என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்காதீர்கள். கார் நின்றால் ஹீரோ இறங்குவான். சினிமாவில் பார்த்திருக்கிறேன்.) அதற்குள் பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஒரு கரும்பு டிராக்டர், அதற்குப் பின்னால் ஒரு டவுன் பஸ், நடுவில் சந்து கிடைத்த இடத்தில் எல்லாம் டூவீலர். எல்லோருமாகச் சேர்ந்து ஹாரன் கச்சேரி.

டிராஃபிக் போலீஸ்காரர் வந்தார்.

"இன்னா சார், பெட்ரோல் போட மறந்துட்டீங்களா?"

கார் வைத்திருப்பவனை இதற்கு மேல் அவமானப்படுத்த முடியாது. நாலு பேர் தள்ளி ஓரங்கட்டினார்கள். அப்போது சைக்கிளில் வந்த எட்டாங்கிளாஸ் பையன் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"அங்கிள், கிளட்ச்சை மிதிச்சுகிட்டு சாவியைத் திருப்புங்க."

திருப்பினேன். எழுந்துகொண்டது!

"கோளாறு இல்ல அங்கிள். அது ஃபீச்சர். சிக்னல்ல தானா ஆஃப் ஆவும். நீங்க இறங்காம கிளட்ச்சை மிதிச்சிருந்தா தானாவே ஸ்டார்ட் ஆயிருக்கும். எங்க சித்தப்பா வண்டியிலயும் இருக்குது."

விற்ற மனிதர் வண்டியோடு ஒரு தடிமனான கையேடும் கொடுத்திருந்தார். அதை நான் டேஷ்போர்டு அறையில் பத்திரமாக வைத்திருந்தேன். படிக்கவில்லை.

★

அன்று ராத்திரி கையேட்டைப் படித்தேன். விஷயம் ரொம்ப எளிமை. வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடினால் பெட்ரோல் எரியும், ஊர் நகராது. அதனால் நின்றதும் கம்ப்யூட்டரே இன்ஜினை அணைத்துவிடுகிறது. கிளட்ச்சில் கால் பட்டதும் கிளப்பிவிடுகிறது. இதற்கென்று கொஞ்சம் பலசாலியான ஸ்டார்ட்டர், கொஞ்சம் பலசாலியான பேட்டரி. (காசு மிச்சம் என்று சாதா பேட்டரி மாட்டினால் சீக்கிரம் படுத்துவிடும்.) இன்ஜின் இன்னும் சூடாகவில்லை, பேட்டரியில் தெம்பு இல்லை, ஏ.சி.க்கு வேலை அதிகம் என்றால் அணைக்காது. நம்மைவிட விவரம்.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். சின்ன பெட்ரோல் இன்ஜின் சும்மா நின்று உறுமினால் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை குடிக்கும். 600 மில்லி என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை நிமிஷ சிக்னலுக்கு 15 மில்லி. லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஒன்றரை ரூபாய். ஆபீஸ் போக ஒன்று, வர ஒன்று, மாதம் இருபத்தைந்து நாள். ஆக, எழுபத்தைந்து ரூபாய்!

சிரிக்காதீர்கள். நம் ஊரில் சிக்னல் கொஞ்சம். சென்னையில் மத்திய கைலாஷிலும் கிண்டியிலும் தினம் தவம் இருக்கும் அன்பர்கள் தங்கள் சிக்னல்களின் எண்ணிக்கையால் பெருக்கிக்கொள்ளவும். டெல்லிக்காரர்கள் 2020 அக்டோபரில், சிவப்பு விளக்கு எரிந்தால் இன்ஜினை அணையுங்கள் என்று ஒரு பிரசாரமே நடத்தினார்கள். பத்து விநாடிக்கு மேல் நிற்பதாக இருந்தால் அணைத்துவிட்டுக் கிளப்புவதே லாபம் என்பது அமெரிக்க ஆய்வுக்கூடக் கணக்கு. அதே அமெரிக்காவில் 2025-ல் சுற்றுச்சூழல் இலாகாத் தலைவரே, இந்த ஏற்பாட்டை யாருக்கும் பிடிக்கவில்லை என்று புலம்பினார். அவருக்கும் யாராவது ஒரு எட்டாங்கிளாஸ் பையன் கிடைத்திருக்கலாம்.

சமாச்சாரம் புதுசும் இல்லை. 1974-லேயே டொயோட்டா, கிரவுன் காரில் முயன்று பார்த்தது. அப்போது எங்கள் அப்பாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. 1983-ல் ஃபியட். நம் ஊர் ரோட்டுக்கு வந்தது ரொம்பத் தாமதம். ஹீரோவின் ஸ்பிளெண்டர் ஐஸ்மார்ட் பைக்கில் 2014-ல், மாருதி சியாஸில் 2015-ல், ஓசூர் டி.வி.எஸ்.ஸின் ஜூபிடர் ஸ்கூட்டரில் 2021-ல் என்று வரிசையாக வந்தன. இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததை, கச்சிராயபாளையத்தில் ஒருவர் 1984-லேயே தன் கையால் செய்துகொண்டிருந்தார்.

என் மாமனார்.

★

மாமனார், ரைஸ் மில் ஒன்றில் முப்பது வருஷம் கணக்கெழுதியவர். அவருடைய டி.வி.எஸ். 50 எந்த இறக்கத்திலும் இன்ஜின் ஓடி இறங்கியதில்லை. பாலம் வந்தால் பாதி ஏற்றத்திலேயே மனசுக்குள் கணக்குப் போட்டு, உச்சியில் இன்ஜினை அணைத்து, உருட்டிக்கொண்டே மில் வாசல்வரை வந்துவிடுவார். எவ்வளவு பெட்ரோல், எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு நோட்டு. 1984-லிருந்து பாக்கி இல்லாமல் எழுதிவருகிறார்.

கிண்டல் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த ஐந்து பைசா, பத்துப் பைசாவில்தான் மூன்று பெண்களை டிகிரி படிக்க வைத்தார். அதில் மூன்றாவது டிகிரிதான் இப்போது என் வீட்டில் இருந்துகொண்டு என் செலவுகளைத் தணிக்கை செய்கிறது.

சிக்னலில் கார் தானாக அணைவதை நேரில் பார்த்ததும் மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்பிடிப் போடு! இந்தக் காருக்கு நம்ம வூட்டுப் புத்தி மாப்ள!"

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலைக்குப் புறப்பட்டோம். நான், மனைவி, ஆறு வயசு மகள், மாமனார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, மலை ஏறினோம். பெரியார் நீர்வீழ்ச்சியில் குளியல், கரியாலூரில் படகு, வெள்ளிமலையில் சாப்பாடு. திரும்பும்போது டிக்கியில் ஒரு பலாப்பழம், இரண்டு கிலோ சாமை அரிசி, ஒரு பாட்டில் தேன். வயிறு நிறைந்திருந்தது. இறக்கம் ஆரம்பித்தது. மாமனார் தொண்டையைச் செருமினார்.

"மாப்ள... இதுக்கு மேல எல்லாம் எறக்கம்தான். நியூட்ரல்ல வுடுங்க. சொட்டு பெட்ரோல் செலவாவாது."

"மாமா, மலையாச்சே..."

"மலைன்னாத்தான் லாபம். மிச்சமாவுற காசுல பாப்பாவுக்கு ஐஸ்கிரீம்."

பின் சீட்டிலிருந்து "ஐ!" என்று ஒரு குரல். மாமனார் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். நான் நியூட்ரலுக்குத் தள்ளினேன்.

முதல் இரண்டு வளைவு சொர்க்கம். சத்தம் இல்லாமல் பல்லக்கு மாதிரி இறங்கியது. மூன்றாவது வளைவில் பிரேக்கைக் கொஞ்சம் கூட மிதித்தேன். ஐந்தாவதில் இன்னும் கொஞ்சம். பிறகு மிதித்த காலை எடுக்கவே முடியவில்லை.

"சாவியவும் ஆஃப் பண்ணிடுங்க மாப்ள. இன்ஜின் எதுக்கு வெட்டியா ஓடுது?"

கை சாவிவரைக்கும் போனது. ஏனோ திருப்பவில்லை. எதிரில் வளைவு வந்துவிட்டது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

பலாப்பழ வாசனையோடு இன்னொரு வாசனையும் வந்தது. ஏதோ தீய்கிற வாசனை. மனைவி, "என்னங்க, அடுப்புல எதையாவது வச்சிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றாள். அடுத்த வளைவுக்கு மிதித்தபோது பிரேக் பெடல், பஞ்சு மூட்டையில் கால் வைத்த மாதிரி உள்ளே போனது. வேகம் குறையவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ்ஸின் உறுமல் கேட்டது.

அப்புறம் நடந்ததை நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். எந்தக் கியர் என்றுகூடப் பார்க்காமல் அடித்து உள்ளே தள்ளினேன். இன்ஜின் ஊளையிட்டது. கார் முன்பக்கமாகக் குலுங்கித் தயங்கியது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். மலைச் சுவர்ப் பக்கமாக உரசிக்கொண்டு, அரசு பஸ்ஸின் மூக்குக்கு முன்னால், இரண்டு ஆள் படுக்கிற இடைவெளியில் நின்றது.

பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பின் சீட்டைப் பார்த்தார்.

"இன்னா கியர்ல வர்றீங்க?"

"நியூட்ரல்..."

"ஏறும்போது எந்தக் கியரோ, எறங்கும்போதும் அதே கியர். கொழந்தைய வச்சிகினு நியூட்ரல்ல வர்றீங்களே, சார்."

கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அந்த 'சார்'தான் இன்னும் வலிக்கிறது.

முன் சக்கரத்தில் புகை. மாமனார் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினார். "ஊத்தாதீங்க பெரியவரே, டிஸ்க்கு கோணிக்கும். தானா ஆறட்டும்" என்று கண்டக்டர் தடுத்தார். பஸ் போய்விட்டது. ரோட்டோரக் கல்லில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் பேசவில்லை. மகள் மட்டும் கேட்டாள்.

"தாத்தா, ஐஸ்கிரீமுக்குக் காசு சேந்துடுச்சா?"

மாமனார் பதில் சொல்லவில்லை. பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். கை நடுங்கியது.

★

மறுநாள் துருகம் ரோட்டில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பிரேக் பேட் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போயிருந்தது. பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. பில் மூவாயிரத்து இருநூறு. அதோடு ஒரு மணி நேரப் பாடம், இலவசம்.

"சார், கியர்ல இருக்கும்போது ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா என்னா ஆவும்?"

"வேகம் குறையும்."

"பெட்ரோல்?"

"கொஞ்சம் போகும்."

"ஒரு சொட்டு போவாது. இன்ஜெக்டரை கம்ப்யூட்டர் மூடிடும். சக்கரம்தான் இன்ஜினை இழுத்து சுத்துது, அதுக்கு எதுக்கு பெட்ரோல்? வேகம் ரொம்பக் குறைஞ்சு இன்ஜின் நிக்கப் போற நேரத்துலதான் மறுபடி தொறக்கும். நீங்க நியூட்ரல்ல போட்டீங்கன்னா சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் உறவு அறுந்துபோச்சு. அப்ப இன்ஜின் உசுரோட இருக்கணும்னா பெட்ரோல் குடிச்சே ஆவணும்!"

அதாவது, மிச்சம் பிடிப்பதற்காக நியூட்ரலில் இறங்கிய நேரம் முழுக்க நான் பெட்ரோல் செலவு செய்துகொண்டிருந்தேன்! மலையை இறங்கி முடிக்க அரை மணி நேரம் என்றால் 300 மில்லி. முப்பது ரூபாய். செகண்ட் கியரில் காலை எடுத்துவிட்டு இறங்கியிருந்தால் அதில் பெரும்பகுதி மிச்சம். பிரேக்கும் மிச்சம். இன்ஜினே பிரேக் வேலை செய்திருக்கும்.

"அப்படியானால் பெரியவர்கள் சொன்னது?"

"அவங்க காலத்து வண்டியில கார்ப்பரேட்டர், சார். காலை எடுத்தாலும் இன்ஜின் உறிஞ்சிகினே இருக்கும். கியர்ல வேகமா சுத்துனா இன்னும் நெறைய உறிஞ்சும். அப்ப நியூட்ரல் மிச்சம்தான். ஆனா மலையில அப்பவும் ஆபத்துதான்."

கார்கள் ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்த பிறகு புது பைக்குகளும் அநேகமாக எல்லாமே ஊசிக்கு மாறிவிட்டன. நம் புத்திமதிகள் மட்டும் இன்னும் கார்ப்பரேட்டரில் ஓடுகின்றன.

"சாவியை ஆஃப் பண்ணியிருந்தா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். நம் கால் பலத்தில் கார் நிற்பதில்லையாம். இன்ஜின் உறிஞ்சுகிற காற்றை வைத்து ஒரு பூஸ்டர் பிரேக்குக்குப் பலம் கொடுக்கிறது. இன்ஜின் நின்றால் மிச்சமிருக்கும் பலம் இரண்டு, மூன்று மிதிக்குத்தான். அப்புறம் பெடல் பாறாங்கல். பவர் ஸ்டீயரிங்கும் போய்விடும். சாவியை இன்னும் ஒரு படி திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும்.

"மலை வளைவுல, சார்" என்று முடித்தார்.

அன்று கை சாவியைத் திருப்பியிருந்தால் இந்தப் பக்கத்தில் நீங்கள் வேறு யாரையாவது படித்துக்கொண்டிருப்பீர்கள்.

★

சுவாரசியம் என்னவென்றால், மாமனாரின் யோசனையை வைத்து ஜெர்மனியில் காரே செய்திருக்கிறார்கள். 1990-களின் நடுவில் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஈகோமேட்டிக். ஓடும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஒன்றரை விநாடியில் இன்ஜினை அணைத்துவிட்டு உருளும். மிதித்தால் மறுபடி கிளம்பும். ஜனங்கள் பயந்துவிட்டார்கள் போலிருக்கிறது, சீக்கிரமே கடையைக் கட்டிவிட்டது. இப்போது 48 வோல்ட் பேட்டரியோடு வருகிற சில வெளிநாட்டுக் கார்கள் அதையே இன்னும் நாசூக்காகச் செய்கின்றன. சமமான ரோட்டில், லேசான சரிவில், காலை எடுத்தால் இன்ஜின் கழன்றுகொண்டு தூங்கும். பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் பேட்டரியிலிருந்து பலம் போய்க்கொண்டே இருக்கும். பிரேக்கைத் தொட்டால் இன்ஜின் எழுந்து வந்துவிடும்.

வித்தியாசம் அங்கேதான். அந்தக் கார் எதை அணைக்கலாம், எதை அணைக்கக்கூடாது என்று பிரித்துவைத்துக்கொண்டு அணைக்கிறது. நாம் சாவியைத் திருப்பினால் எல்லாவற்றையும் சேர்த்து அணைக்கிறோம். செலவைக் குறைக்கச் சொன்னால் கடையின் பூட்டையே விற்றுவிடுகிற குமாஸ்தா மாதிரி.

நியூட்ரலில் இறங்குவதைப் பல தேசங்கள் கண்டிக்கின்றன. கலிபோர்னியாவில் அது சட்ட விரோதம். நம்மூரில், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையைக் கேளுங்கள். முப்பத்தாறு கொண்டை ஊசி. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து போன ஒரு கார் பள்ளத்தில் விழுந்து ஐந்து பேர் போனபிறகு, வெளியூர் வண்டிகளை அந்த வழியே இறங்க விடாமல் தடுத்தார்கள்.

★

இதையெல்லாம் மாமனாரிடம் யார் சொல்வது? மலையிலிருந்து வந்த நாளாக மனிதர் காரில் ஏறவே இல்லை. ஒரு மாதம் கழித்து வெள்ளிமலையில் அவருடைய பழைய சிநேகிதர் வீட்டுக் கல்யாணம். பஸ்ஸில் போகிறேன் என்றார். வலுக்கட்டாயமாக ஏற்றிக்கொண்டேன்.

திரும்பும்போது செகண்ட் கியர். இன்ஜின் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இறங்கியது. பிரேக்கை வளைவுக்கு மட்டும் தொட்டேன். மலை முடியும் இடத்தில், வளைவே இல்லாத, எதிரே வண்டியும் இல்லாத ஒரு நேர்ச் சரிவில் சொன்னேன்.

"மாமா, இந்த மீட்டரைப் பாருங்க. இந்த நிமிஷம் லிட்டருக்கு எவ்வளவு குடுக்குதுன்னு காட்டும்."

பத்தே விநாடி நியூட்ரல். மீட்டர் ஐம்பது பக்கம் நின்றது. கியரில் போட்டுக் காலை எடுத்தேன். விறுவிறுவென்று ஏறி 99.9-ல் போய் முட்டிக்கொண்டது. அதற்கு மேல் காட்ட மீட்டரில் இடம் இல்லை.

மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "திரும்பப் போடுங்க" என்றார். போட்டேன். "இன்னொரு வாட்டி." மூன்றாவது தடவை, பையிலிருந்து நோட்டை எடுத்து இரண்டு எண்களையும் எழுதி, கீழே கோடு போட்டார். கணக்கெழுதியவர். பிரசங்கத்தை நம்ப மாட்டார், எண்ணை நம்புவார்.

கோமுகி அணை வரும்வரை பேசவில்லை. பிறகு கேட்டார்.

"இத்தினி வருசம் தப்பாவா பண்ணிகினு இருந்தேன் மாப்ள?"

"இல்ல மாமா. அது டி.வி.எஸ். 50. அந்த வண்டிக்கு, அந்த ரோட்டுக்கு அது சரி. இது வேற வண்டி, வேற ரோடு."

"அன்னிக்கி சாவிய ஆஃப் பண்ணச் சொன்னேனே..."

"நான் பண்ணலையே மாமா."

தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கள்ளக்குறிச்சி நான்குமுனை சந்திப்பு. சிவப்பு. நிறுத்தினேன், நியூட்ரல், கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தேன். இன்ஜின் அணைந்தது. மாமனார் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பச்சை விழுந்தது.

"எழுவது செகண்டு" என்றார். "இங்க அணையட்டும் மாப்ள. இங்கதான் அணையணும்."

சந்திப்பு தாண்டி ஒரு கடை ஓரமாக நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய் பேத்திக்கு ஐஸ்கிரீம் வாங்கிவந்தார். பெரிய கோன். ஐம்பது ரூபாய்.

அந்தச் செலவை மட்டும் அவர் நோட்டில் எழுதவில்லை.